குருவிச் சீட்டுக்காரர்

என் கட்சிக்காரர்களிலேயே என்னை அதிகம் தலையைச் சொறிய வைத்தவர் அவர்தான். பெயரைச் சொல்ல மாட்டேன். தன் பெயர் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்பதில் அத்தனை கறாராக இருந்தவரின் பெயரை, அவரைக் கேட்காமல் எழுதினால் நன்றாக இருக்காது. கேட்டுவிடலாம் என்றால் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியவில்லை. மகளோடு இருக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்ரீரங்கத்து வீட்டைக் காலிசெய்தார். அதற்குப் பிறகு அந்தப் போன் நம்பரும் மாறிவிட்டது.

தில்லைநகரில் எனக்கு ஆபீஸ். டிரேட்மார்க் பதிவு செய்து கொடுப்பது தொழில். அப்பளம், ஊதுபத்தி, நல்லெண்ணெய், இட்லிப்பொடி என்று நாளெல்லாம் பெயர்களோடுதான் குடித்தனம். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே புலம்பலோடு வருவார்கள். "என் பேரை எவனோ திருடிட்டான் சார், அவனை விடக்கூடாது." நானும் விட மாட்டேன். நோட்டீஸ் எழுதுவதில் எனக்கு ஒரு ருசி உண்டு. என் நோட்டீஸைப் படித்துவிட்டு ஊதுபத்திக்காரர் ஒருவர் பத்து நாள் கடையையே திறக்கவில்லை. அதை இன்றைக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அவர் வந்த அன்று ஹெல்மெட்டைக் கழற்றி என் ஃபைல்களின் மேலேயே வைத்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து காவேரிப் பாலத்து வெயிலில் ஸ்கூட்டரில் வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்மணி. உட்கார்ந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆரம்பித்தார்.

"நான் ஒரு சாஃப்ட்வேர் எழுதியிருக்கேன் சார். யார் வேணாலும் எடுத்துக்கலாம், உள்ளே பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம், வித்துக்கூடப் பொழைச்சுக்கலாம். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"ரொம்ப நல்ல காரியங்க. இதுக்கு வக்கீல் எதுக்கு?"

"அதோட பேரை மட்டும் பதிஞ்சு குடுங்க. பேரை யாரும் எடுத்துக்கக் கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டைத் திறந்து போட்டுவிட்டு வாசலில் தொங்கும் பெயர்ப்பலகைக்குப் பூட்டுப் போடச் சொல்கிறாரே! "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. நீங்க தானமும் குடுத்துட்டு நோட்டீஸும் குடுப்பீங்களா?" என்றேன்.

"பல்லைத் தாராளமாப் பாருங்க சார். எல்லாரும் பாக்கணும்னுதானே திறந்து வெச்சிருக்கேன். வேற மாட்டைக் கட்டிட்டு அது நான் குடுத்த மாடுன்னு மட்டும் சொல்லாதீங்க."

பதினெட்டு வருஷத் தொழிலில் கட்சிக்காரர் ஒருவர் என் பழமொழியை எனக்கே திருப்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. நான் ஃபைலைத் திறந்தேன்.

அவருடைய சாஃப்ட்வேர் பெரிய ராக்கெட் ஒன்றுமில்லை. புத்தூர் பக்கம் நடந்தால் ஆஸ்பத்திரி, மெடிக்கல், லேப் என்று வரிசையாக இருக்கும். அங்கே ஒரு மெடிக்கல் மாடியில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்து எழுதினார். டாக்டர் மருந்தை கம்ப்யூட்டரில் பதிந்தால் நோயாளிக்குத் தமிழில் கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு வரும். இந்த மாத்திரை காலையில் ஒன்று, இரவில் அரை, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானுக்காக எத்தனை பேர் மெடிக்கல் வாசலில் நின்று, "தம்பி, இது எப்ப சாப்பிடணும்னு இன்னொருக்கா சொல்லு" என்று கேட்டிருக்கிறார்கள்!

முதலில் 'வேளை' என்ற பெயரைத்தான் கொண்டுவந்தார். மருந்து என்றாலே வேளைதான், அது எல்லோருக்கும் பொதுவான சொல், ரிஜிஸ்ட்ரியில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றேன். மற்ற கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் சண்டைக்கு வருவார்கள். இவருக்கோ முகமெல்லாம் சந்தோஷம். "நியாயந்தானே சார்? எல்லார் வாயிலயும் இருக்கற வார்த்தையை நான் எப்படி எடுத்துக்கறது?" என்றார். அடுத்த வாரம் 'குருவிச் சீட்டு' என்று வந்தது. அந்த மாடி அறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையில் குருவி கூடு கட்டியிருந்தது. அதையே படமாக வரைந்து சீட்டின் மூலையில் போட்டுவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட "குருவி போட்ட சீட்டுக் குடுங்க" என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயரின் மேல் அவருக்குப் பயமே வந்தது என்று நினைக்கிறேன்.

பெயர் ஆசை பிடித்தவர் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் போயிற்று. அவர் பழைய கம்ப்யூட்டர்களைச் சரிபண்ணிக் கொடுத்த பள்ளி அது. என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். தலைமையாசிரியர் மைக்கில், "நம் பள்ளிக்குப் பத்துக் கம்ப்யூட்டர்களை வாரி வழங்கிய வள்ளல்" என்று ஆரம்பித்துச் சால்வையும் போட்டுவிட்டார். இவர் மைக்கை வாங்கினார்.

"அது நான் பண்ணலைங்க. கம்ப்யூட்டர் குடுத்தது வேற யாரோ. அவங்க பேரு எனக்குத் தெரியாது. நான் ரிப்பேர்தான் பண்ணேன்."

சொல்லிவிட்டுச் சால்வையை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தலைமையாசிரியர் பாவம், அந்தச் சால்வையை என்ன செய்வதென்று தெரியாமல் சிறப்பு விருந்தினருக்கே இரண்டாவது தடவையாகப் போட்டார். அன்றைக்குக் காபிகூடக் கிடைக்கவில்லை எங்களுக்கு.

"அது நான் பண்ணலைங்க" என்பது அவர் வாயில் தினமும் ஒரு தடவையாவது வரும். சர்க்கரை வியாதியைப் பற்றி யாரோ எழுதிய கட்டுரை இவர் பெயரோடு வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஊரே பாராட்டியது. இவர் ஒவ்வொரு குரூப்பாகப் போய், "நான் எழுதலை. நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் எழுதலை" என்று போட்டார். வந்த பாராட்டை வேண்டாம் என்று சொல்ல ஒரு மனுஷிக்கு இவ்வளவு நேரம் எங்கிருந்து கிடைக்கிறதோ என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

சர்டிஃபிகேட் வந்த கொஞ்ச நாளில் வம்பும் வந்தது. எடமலைப்பட்டி புதூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஒருவர் குருவிச் சீட்டை எடுத்து மாற்றி, மெடிக்கல்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார். அது வரைக்கும் சரி. ஆனால் சீட்டின் கடைசியில் ஒரு சத்துப் பவுடரைச் சேர்த்திருந்தார். 'தினமும் இரண்டு ஸ்பூன்' என்று, மாத்திரைகளுக்கு இருந்த அதே எழுத்தில். மூலையில் குருவி. டாக்டர்தான் எழுதிக் கொடுத்தார் என்று ஜனங்கள் வாங்கிக் குடித்தார்கள். ஒரு நோயாளி டாக்டரிடமே போய், "பவுடர் தீந்துடுச்சு, இன்னொரு டப்பா வாங்கவா?" என்று கேட்க, டாக்டர் இவருக்குப் போன் போட்டுக் காதில் ரத்தம் வராத குறையாகத் திட்டினார்.

நான் கையைத் தேய்த்துக்கொண்டேன். தடையுத்தரவு, நஷ்டஈடு, மன்னிப்பு விளம்பரம் என்று மூன்று பக்கம் எழுதினேன். அவர் படித்துவிட்டு இரண்டே முக்கால் பக்கத்தை அடித்தார்.

"அவர் மாத்தினது தப்பில்லை. வித்தது தப்பில்லை. பவுடரை எடுன்னு சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லை சார். பேரையும் குருவியையும் மட்டும் எடுத்துடச் சொல்லுங்க."

"பவுடரை விட்டுடறதா?"

"அது அவர் சீட்டு. அவர் பாடு."

பதில் வந்தது. கடைக்காரர் லேசுப்பட்டவர் இல்லை. 'உங்கள் உரிமத்தில் எதை வேண்டுமானாலும் நகலெடுக்கலாம் என்று போட்டிருக்கிறது. குருவிப் படமும் அதே மூட்டையில்தான் இருந்தது. நீங்கள் கொடுத்த படத்தைத்தான் நான் போட்டேன். இப்போது பெயரை மாற்றுவதும் கஷ்டம்' என்று எழுதியிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போய்ப் பார்த்தால் உண்மை. நம் அம்மையார் சாஃப்ட்வேர் நிரலையும் குருவியையும் ஒரே இடத்தில் போட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே உரிமத்தை ஒட்டியிருந்தார். அள்ளிக் கொடுக்கிற கைக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று தனியாக எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

படத்தை நகலெடுக்க அனுமதி கொடுப்பது வேறு, அந்தப் படத்தைக் கடையின் முத்திரையாகப் போட்டுக்கொள்ள அனுமதி கொடுப்பது வேறு என்று நான் பதில் எழுதினேன். முன்னது காப்பிரைட், பின்னது டிரேட்மார்க். சட்டம் இரண்டையும் கலக்கவில்லை, இவர்தான் கலந்துவிட்டார். அதற்குள் கடைக்காரர் எழுதிக் கிளப்பிவிட, இன்டர்நெட்டில் ஆளாளுக்கு இவரைக் காய்ச்சி எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். சுதந்திர மென்பொருள் என்று சொல்லிவிட்டு முள்வேலி போடுகிறார், பெயரை வைத்து மிரட்டுகிறார் என்று. அதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் என் எதிரில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை எனக்குப் போன். "சார், நான் எடமலைப்பட்டி புதூர் போறேன். வரீங்களா?"

எதிர்க்கட்சியைக் கட்சிக்காரர் நேரில் பார்க்கக் கூடாது என்று எவ்வளவோ சொன்னேன். கேட்டால்தானே? கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் ஷட்டரை இறக்கிவிடலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. இவர் ஹெல்மெட்டை அவருடைய மேஜைமேல் வைத்தார்.

"பேரை மாத்தறது கஷ்டமா இருக்குன்னு எழுதியிருந்தீங்க."

"ஆமாங்க. நாப்பது இடத்துல இருக்கு. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு உடையுது. மாத்திக்கலாம்னு சொல்றீங்க, ஆனா மாத்த முடியாத மாதிரி வெச்சிருக்கீங்க."

"அது என் தப்புதான். நகருங்க, நான் மாத்தித் தரேன்."

உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் மூன்று மணி வரைக்கும், தன்னுடைய பெயரை இன்னொருத்தர் சரக்கிலிருந்து தானே ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். எதிரிக்கு இலவசமாக வேலை செய்கிற வாதியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். புதுப் பெயர் என்ன வைக்கலாம் என்று கடைக்காரர் முழித்தபோது 'மைனாச் சீட்டு' என்று சொல்லி, மைனாவையும் அவரே வரைந்து கொடுத்தார். குருவியைவிட மைனா அழகாக வேறு இருந்தது. வீட்டுக்குப் போனதும் தன் நிரலிலும் பெயரையும் படத்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். இனி மாற்ற நினைக்கிறவர்கள் ஒரு நிமிஷத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

பவுடர் என்ன ஆயிற்று என்றால், மைனா வந்த மூன்றாவது வாரம் கடைக்காரரே எடுத்துவிட்டார். இப்போது டாக்டர்கள் நேராக அவருக்கே போன் போட்டுத் திட்டினார்கள். பிறகு அவர் சீட்டில் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று படம் சேர்த்தார். நல்ல யோசனை. அதுவும் திறந்த நிரல்தானே, இவர் அதைக் குருவிக்கு எடுத்துக்கொண்டார். சூரியன் பிரமாதம் என்று யாராவது சொன்னால் போதும், "அது நான் பண்ணலைங்க, மைனாக்காரர் பண்ணது" என்பார்.

இதற்குப் பின்னால் நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

லால்குடியில் ஒரு விவசாயி, சர்க்கரை நோயாளி. டாக்டர் எழுதியது அரை மாத்திரை. குருவிச் சீட்டில் 'ஒன்று' என்று வந்தது. நாலு நாள் முழு மாத்திரையைச் சாப்பிட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் வயலில் சர்க்கரை இறங்கி வரப்பில் மயங்கி விழுந்தார். பக்கத்து வயல்காரர் பார்த்துத் தூக்கிக்கொண்டு போனதால் பிழைத்தார். டாக்டர் இவருக்குப் போன் செய்து, "என் கம்ப்யூட்டர்ல அரைன்னுதாங்க இருக்கு, சீட்டுல ஒண்ணுன்னு வருது" என்றார்.

அடுத்த அரை மணியில் இவர் என் ஆபீஸில் இருந்தார். அன்றைக்கு ஹெல்மெட் மடியிலேயே இருந்தது.

நான் உடனே தெம்பாகிவிட்டேன். புதூர்க்காரர் ஆரம்பத்தில் விற்ற குருவி போட்ட பிரதிகள் இன்னும் எங்கெங்கோ ஓடிக்கொண்டுதான் இருந்தன. எந்தச் சீட்டு எந்தப் பிரதியிலிருந்து வந்தது என்று வெளியாள் யாரும் கண்டுபிடிக்க முடியாது. இவர் சொல்லி முடிப்பதற்குள் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். 'எங்கள் பெயரை அனுமதியின்றிப் பயன்படுத்திய வேறொரு பிரதியிலிருந்து மேற்படி சீட்டு அச்சாகியிருக்கலாம்.' அருமையான வாக்கியம். யாராலும் மடக்க முடியாது.

அவர் படித்தார்.

"இருக்கலாம்னு போட்டிருக்கீங்க சார். இல்லையே. போன வாரம் நான் மாத்தி அனுப்பினதுல அரையை முழுசாக்கிட்டேன். அந்த வரியை இப்பதான் பாத்துட்டு வரேன்."

"அது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்."

"சீட்டுல என் பேரு இருக்கே."

"கேஸ் வரும்ங்க. உங்க பேரு போயிடும். இத்தனை வருஷம் எதைக் காப்பாத்தினோம்?"

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் பேனாவை எடுத்து, கடிதத்தின் பின்பக்கத்தில் எல்லா டாக்டர்களுக்குமாக எழுதினார். தவறு தன்னுடையது, எந்தத் தேதியில் அனுப்பியது, அரை மாத்திரை இருக்கிற சீட்டுகளை உடனே நிறுத்திக் கையால் எழுதிக் கொடுங்கள். கடைசியில் இன்னொரு வரி. மைனாச் சீட்டில் இந்தத் தவறு இல்லை, அவசரமானால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"மேடம்! வாடிக்கையை வெத்தலை பாக்கு வெச்சு அவருக்குக் குடுக்கறீங்களா?"

"ரெண்டும் குருவியா இருந்திருந்தா எதை நிறுத்தறதுன்னு யாருக்கு சார் தெரியும்? ஊர்ல இருக்கற எல்லாச் சீட்டையும் கிழிச்சுப் போட வேண்டியதுதான். பேரு வேறயா இருக்கறதாலதானே இதை நிறுத்துங்க, அதை வெச்சுக்கோங்கன்னு இன்னிக்குச் சொல்ல முடியுது?"

நான் சட்டம் படித்தவன். டிரேட்மார்க் என்பது வாங்குகிறவர் ஏமாறாமல் இருப்பதற்கு என்று புத்தகத்தில் முதல் பாடத்திலேயே இருக்கிறது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் ரயில் ஏறி லால்குடி போனோம். எதையும் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். வாசலிலேயே ஒப்புக்கொண்டார். அந்த விவசாயியின் மனைவி பத்து நிமிஷம் திட்டினார். "மாத்திரைக் கணக்குல விளையாடுவீங்களா? நீங்க மாடியில உக்காந்து தட்டுவீங்க, இங்க மனுஷன் வரப்புல கெடப்பாரு!" என்றார். நான் நடுவில் புகுந்து ஏதோ சொல்லப் போனேன், இவர் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு அந்த அம்மா கம்பியில் குத்தி வைத்திருந்த இரண்டு வருஷத்துச் சீட்டுகளையும், டாக்டரின் நோட்டையும் கொண்டுவந்து போட்டார். "ஒண்ணொண்ணாப் பாருங்க. இன்னும் எதுல தப்பிருக்கோ!"

தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கட்டிலில் படுத்திருந்த விவசாயி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சீட்டு ஒன்றில்தான் தப்பு.

"இனிமே இந்தச் சீட்டை நம்பலாமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இப்ப நம்பாதீங்க. டாக்டரைக் கேட்டுட்டே குடுங்க."

கேஸ் எதுவும் வரவில்லை. ஆனால் குருவி போயிற்று. தவறைத் திருத்தி அனுப்பியும் டாக்டர்கள் ஒவ்வொருவராக மைனாவுக்கு மாறினார்கள். ஒப்புக்கொண்டதால்தான் போயிற்று, சும்மா இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பது என் கணக்கு. வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். "ரொம்ப வருத்தமா இருக்கு சார்" என்றார். நான் எத்தனையோ கட்சிக்காரர்களுக்கு வழக்கு ஜெயித்துக் கொடுத்திருக்கிறேன். என் மனசில் பெரிய இடத்தில் இருப்பவர், நான் எழுதிய கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதித் தோற்ற இவர்தான்.

அவர் ஊரைவிட்டுப் போன மாதம், எடமலைப்பட்டி புதூர் கடைக்காரர் என் ஆபீஸுக்கு வந்தார். என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்.

"மைனாச் சீட்டைப் பதியணும் சார். என் பேர்ல."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "முள்வேலின்னு எழுதினீங்களே! இப்ப உங்களுக்கும் வேலி வேணுமாக்கும்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

"வேலிக்கு இல்லை சார். அந்தம்மா லால்குடிக்குப் போய்க் கீழே உக்காந்தாங்கன்னு கேள்விப்பட்டேன். இப்ப எல்லா எடத்துலயும் என் சீட்டுதான் ஓடுது. நாளைக்கு ஒண்ணுல தப்பு வந்தா, அது என்னோடதுதானா, நான் எந்த வீட்டுக்குப் போகணும்னு எனக்குத் தெரியணும்ல?"